மெஷினக்கா கேட்ட உயரம்

“…கையால காட்டாதிய தங்கச்சி, வாயால சொல்லுங்க. கை காட்டுதது உங்க நெனப்போட உயரம். பிள்ளையோட உயரம் வேற” என்று அக்கா சொன்னபோது, என் வலது கை அந்தரத்தில், இடுப்புக்குப் பக்கத்தில், உள்ளங்கை தரையைப் பார்க்க நின்றுகொண்டிருந்தது. வெளியே ஐப்பசி மழை. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

அவள் கேட்டது என் பேத்தியின் உயரம். அந்தப் பிள்ளையை நான் பார்த்ததே கிடையாது. அவளைப் பெற்ற என் மகளோடு பேச்சு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. உயரம் தெரியாமல் அக்கா யார் போர்வையையும் தன் தையல் மெஷினில் ஏற்ற மாட்டாள். உயரம் தெரிய வேண்டுமானால் மகளை நான் போனில் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் காரியம். அந்த அவ்வளவை நான் சித்திரையிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

அக்காவின் பேரை இங்கே எழுதப் போவதில்லை. அவளுக்குப் பிடிக்காது. பாளையங்கோட்டையில் எங்கள் பக்கம் மெஷினக்கா என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் வேறு கேள்வி கேட்காமல் வாசலில் இறக்கிவிடுவார். அவள் வீட்டு ஹாலில் சோபா கிடையாது, டி.வி. கிடையாது. சுவருக்குச் சுவர் ஒரு மெஷின்தான். லாங் ஆர்ம் மெஷின் என்பாள். நாம் வீட்டில் வைத்திருக்கும் தையல் மெஷினில் மெஷின் நிற்கும், துணி நகரும். இதில் தலைகீழ். துணியை உருளைகளில் சுற்றி மேசை மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டிவிட வேண்டும். மெஷின் தண்டவாளத்தில் நிற்கும். சைக்கிளுக்கு இருப்பதுபோல இரண்டு கைப்பிடி. அதைப் பிடித்து மெஷினை நாம் துணிமேல் ஓட்ட வேண்டும். மேலே துண்டு துண்டாகச் சேர்த்த ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்து அது தைத்துக்கொண்டே போகும். முடிந்து கழற்றினால் பஞ்சுப் போர்வை. கிறிஸ்துமஸ் சமயத்தில் கேரல் பாட வரும் பிள்ளைகள் அந்த ஹாலில் நிற்க இடமில்லாமல் மெஷினைச் சுற்றி வட்டமாக நின்று பாடுவார்கள். மெஷினுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவது மாதிரி இருக்கும்.

அக்கா குளிர்தேசத்தில் நர்ஸாக இருந்தவள். கணவர் அதற்கு முந்தியே போய்விட்டார். ஒரே மகன் பைக் விபத்தில் இறந்தபிறகு வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டாள். அங்கே மணிக்கணக்கில் வாடகைக்குப் பிடித்துத் தைத்துப் பழகிய பழைய மெஷினையே விலை பேசி, கழற்றிப் பெட்டி கட்டிக் கப்பலில் ஏற்றிவிட்டாள். தூத்துக்குடியிலிருந்து லாரியில் அது வந்து இறங்கிய அன்று தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு அண்ணாச்சி டிரைவரிடம், “என்னவே இது, இங்கன எந்தக் கோயிலுக்குச் சப்பரம்?” என்று கேட்டார். அது போர்வை தைக்கிற மெஷின் என்று தெரிந்ததும் இன்னும் நொந்துபோனார். திருநெல்வேலி வேக்காட்டில் பஞ்சுப் போர்வையை யார் போர்த்துவார் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான்.

ஆனால் ஆள் வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் பனி பெய்கிற ஊரில் இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் இங்கே மின்விசிறிக்கடியில் உட்கார்ந்துகொண்டு, அங்கே பிள்ளை குளிரில் கிடக்கிறதே என்று தவிப்பார்கள். முறுக்கும் ஊறுகாயும் அனுப்பி அலுத்துப்போனவர்கள். அவர்கள் பழைய பட்டுச்சேலையையும் சுங்குடியையும் கத்தரித்து வீட்டு மெஷினில் ஒட்டுத்துணி சேர்த்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வருவார்கள். அக்கா மணிக்கு இவ்வளவு என்று மெஷினை வாடகைக்கு விடுவாள். தைத்துத் தர மாட்டாள். “நான் தைச்சா அது நான் அனுப்புதது. நீங்கல்ல அனுப்பணும்” என்பாள்.

வந்தவர்களுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பாள். குடித்து முடித்ததும் அந்தக் கேள்வி. யாருக்கு என்று கேட்க மாட்டாள், எந்த ஊர் என்று கேட்க மாட்டாள், துணியைக்கூடப் பார்க்க மாட்டாள்.

“போத்துத ஆளு எத்தனை அடி?”

தலைக்கு ஒரு சாண், காலுக்கு ஒரு சாண் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. “கால மூடாதது போர்வையில்ல, மேல்துண்டு” என்பாள். இன்னொன்றும் சொல்லுவாள், அதற்குத்தான் நாங்கள் சிரிப்போம். மற்றவர்களின் உயரத்தைக் கேட்டு வாங்கியபின் தன் உயரத்தையும் சொல்லிவிடுவாள். “நான் அஞ்சடி ஒண்ணு. ஞாபகம் வச்சுக்கிடுங்க.” அதை நாங்கள் எதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பாஷை தெரியாத ஊரில் ரொம்ப நாள் தனியாக இருந்தவளுக்கு இப்படி ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டோம்.

அந்தக் கேள்வியில் முதலில் மாட்டிக்கொண்டதாக நான் பார்த்தது ஒரு ரிட்டையர்டு டீச்சர். கணக்கு டீச்சர் வேறு. பேரனுக்கென்று குருவியும் வண்ணத்துப்பூச்சியுமாக ஒட்டுப்போட்டுக் கொண்டுவந்திருந்தார். உயரம் கேட்டதும் யோசிக்காமல் கையை இடுப்புக்கு நேரே நீட்டி, “இம்புட்டு இருப்பான்” என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாராவது கையை அப்படி அந்தரத்தில் நீட்டினால் அவளுக்கு ஆகாது. அந்தப் பக்கமே பார்க்க மாட்டாள். கூப்பிட்டுக் கேளுங்க என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். டீச்சர் அங்கேயே வீடியோவில் கூப்பிட்டார். பையன் வந்தான். எழுந்து நில்லு ராசா என்றார் டீச்சர். அவன் எழுந்தான். திரையில் சட்டைப் பொத்தான்தான் தெரிந்தது, தலை மேலே எங்கேயோ போய்விட்டது. பின்னால் இருந்த பிரிட்ஜைவிட அவன் உயரம். டீச்சர் முதலில் சிரித்தார். போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். “நான் பேரனுக்குத் தைக்கல. பழைய போட்டோவுக்குல்ல தைச்சிருக்கேன்” என்றார்.

அக்கா ஆறுதல் சொல்லவில்லை. சொல்லுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. டீச்சர் வீட்டுக்குப் போய், குருவி எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, கட்டம் போட்ட துணியில் புதிதாக ஆரம்பித்து நீளமாகக் கொண்டுவந்தார்.

ஏரலில் பாத்திரக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருத்தரும் வந்தார். அவருக்கு வெளிநாட்டில் யாருமில்லை. வீட்டுக்காரம்மா படுத்த படுக்கையாகி, மே மாதத்திலும் குளிருது குளிருது என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அக்கா வழக்கம்போல உயரம் கேட்டாள்.

“படுத்துக் கெடக்கவளுக்கு எதுக்கும்மா உயரம்?”

“படுத்துட்டா நீளம் இல்லாமப் போயிருமா அண்ணாச்சி?”

அண்ணாச்சி பஸ் ஏறிப் போனார். அடுத்த வாரம் ஒரு சணல் கயிற்றோடு வந்தார், பாத்திரம் கட்டுகிற கயிறு. தலைக்கு ஒரு முடிச்சு, காலுக்கு ஒரு முடிச்சு போட்டிருந்தார். கல்யாணத்தன்று மணமேடையில் அவர் தோளுக்கு இருந்தவளாம். கயிற்றைத் தன்மேல் வைத்துப் பார்த்தால் நெஞ்சுக்குத்தான் வருகிறதாம். “இத்தன வருசமா கூடவே இருக்கேன், குறுகிட்டு வாரது தெரியலையே” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே இன்னொன்று சொன்னார். கயிற்றோடு கட்டில் பக்கத்தில் போய் நின்றதும் அந்த அம்மா கண்ணை விழித்து, “என்ன, இப்பமே அளவெடுக்க வந்துட்டியளா?” என்று கேட்டார்களாம். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அக்கா மட்டும் எழுந்து அடுப்படிக்குள் போனாள். உள்ளே குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பாத்திரமும் இல்லை.

எல்லாருக்கும் அவளைப் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் ஒரு அம்மா வந்தார். மகன் கோபித்துக்கொண்டு போய் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. என்றைக்காவது வருவான், வந்தால் போர்த்திக்கொள்ளட்டும் என்று தைத்துக் கொண்டுவந்திருந்தார். உயரம் தெரியாது என்றார். போகும்போது இவ்வளவு இருந்தான் என்று கையை உயர்த்தினார். அக்கா துணியை மடித்து அவர் மடியிலேயே வைத்துவிட்டாள். தெரிஞ்சப்பறம் வாங்க என்றாள். அந்த அம்மா படியிறங்கிப் போவதை நான் வாசல்வரை போய்ப் பார்த்தேன். திரும்ப வரவேயில்லை. ‘கல்நெஞ்சுக்காரி, ரெண்டு சாண் கூட வச்சுத் தைக்க விட்டா என்ன கொறஞ்சா போவா?’ என்று தெருவில் பேசினார்கள். நானும்தான் பேசினேன். அக்கா அன்று செய்தது சரி என்று இன்றைக்கும் என் வாயால் சொல்ல முடியவில்லை.

இனி என் கதை. நான் பத்தாவதோடு நின்றவள். பிளவுஸ் தைப்பேன், பாவாடைக்கு நாடா கோப்பேன், அதெல்லாம் பார்த்துப் பார்த்துப் படித்ததுதான். அந்த தைரியத்தில் கைப்பிடியைப் பிடித்தேன். முதல் நாளே மெஷின் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டது. அது பழைய மாடல். நம் கை வேகத்தைப் பார்த்து ஊசி தன் வேகத்தை மாற்றிக்கொள்கிற வசதியெல்லாம் அதில் இல்லை. ஊசி ஒரே வேகத்தில் போகும். கை வேகமாகப் போனால் தையல் பல்லிளிக்கும். கை நின்றால் ஊசி நிற்காது. நின்ற இடத்திலேயே குத்திக் குத்தி, நூல் திரண்டு ஒரு கட்டி விழுந்துவிடும். நான் ஒவ்வொரு வளைவிலும் நின்றேன். யோசிக்க நின்றேன், பயந்து நின்றேன். துணி முழுக்க அம்மை வார்த்த மாதிரி கட்டி.

“ஊசியப் பாக்காதிய. போகப்போற இடத்தைப் பாருங்க. நிக்கணும்னா முதல்ல ஊசிய நிறுத்திட்டு நில்லுங்க. அது ஓடிக்கிட்டிருக்கும்போது நின்னியன்னா நின்ன இடமே புண்ணாயிரும்” என்பாள் அக்கா. குரல் உயராது. பின்னால் நின்றுகொண்டு, என் தோள் இறுகினால் விரலால் ஒரு தட்டு தட்டுவாள். பைய, பைய என்பாள்.

பழகுவதற்கு உயரம் வேண்டாம். பழைய வேட்டி இரண்டை ஏற்றி அதில் வளைவும் சுழியுமாக ஓட்டிக்கொண்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை தவறாமல் போனேன். வீட்டில் தைக்கப் போறேன் என்று சொன்னேன். என்ன தைக்க என்று என் கணவர் கேட்கவில்லை. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. கட்டி விழுவது நின்றது. சுழி ஒழுங்காக வந்தது. இலை போட்டேன், கொடி போட்டேன், ஆற்றுத் தண்ணீர் மாதிரி நெளிநெளியாகப் போட்டேன். என் பேத்திக்கான ஒட்டுத்துணி பைக்குள் மடித்தபடியே என்னோடு வந்து என்னோடு திரும்பியது. ஒருநாள் அக்கா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, “நல்லாப் பழகுதிய” என்றாள். அதில் பாராட்டு இல்லை.

அக்கா இப்போது இல்லை. அவள் போனதும் மெஷினைத் திருப்பூர்க்காரர் ஒருத்தர் கழற்றி எடுத்துப் போய்விட்டார். ஹால் தரையில் அதன் கால்கள் அழுந்திய பள்ளம் மட்டும் இருக்கிறதாம், புதிதாகக் குடிவந்தவர்கள் அதன்மேல் ஜமுக்காளம் விரித்திருக்கிறார்கள். அவள் இறந்த அன்று காலையில் வீட்டு வாசலில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம், அவளிடம் வாடகைக்குத் தைத்த பெண்கள். அவளுடைய அண்ணன் போனில் பேசிக்கொண்டே வெளியே வந்தார். சவப்பெட்டி செய்கிறவர் உயரம் கேட்கிறார் என்று சொல்லி யாரிடம் கேட்பது என்று திகைத்து நின்றார். அவர் யாரையும் கேட்கவில்லை. அதற்குள் நாங்கள் அத்தனைபேரும் ஒரே குரலாகச் சொல்லிவிட்டோம், அஞ்சடி ஒண்ணு என்று. கணக்கு டீச்சர் எல்லாருக்கும் முந்திச் சொன்னார். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அது பிற்பாடு நடந்தது. நான் ஐப்பசி மழைநாளுக்குத் திரும்புகிறேன்.

நாங்கள் சைவ வீட்டுக்காரர்கள். மகள் சென்னையில் வேலை பார்த்த இடத்தில் ஒருத்தரைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள். எங்கள் ஆட்கள் இல்லை. என் கணவர் சத்தம் போடவில்லை. ஹாலில் மாட்டியிருந்த அவள் பட்டமளிப்பு போட்டோவைக் கழற்றி பரணில் வைத்தார். இனி அவ பேச்சு இங்கன வேண்டாம் என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சோறு எடுத்து வைத்தேன். பிறகு அவர்கள் குளிர்தேசத்துக்குப் போய்விட்டார்கள், பெண்குழந்தை பிறந்தது என்று என் தங்கை மகள் சொன்னாள். அவள்தான் நம்பரும் கொடுத்தாள். அதை என் போனில் ‘கேஸ் ஏஜென்சி’ என்று போட்டு வைத்திருந்தேன். தங்கை மகளே ஒரு படமும் அனுப்பினாள். குண்டுக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, மூக்கு சிவந்து, ஒரு பிள்ளை பனியில் நிற்கிறது. என் மகளின் மூக்கு.

அன்றைக்கு மழையில் வேறு யாரும் வரவில்லை. ஆற்றில் வெள்ளம், குறுக்குத்துறைக் கோயில் முங்கிவிட்டது என்று வேடிக்கை பார்க்கத் தெருவே போயிருந்தது. நான் பழைய வேட்டியை ஏற்றப் போனேன். அக்கா அதை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பையில இருக்கதை எடுங்க என்றாள். எடுத்தேன். சிவப்பும் மாம்பழ மஞ்சளுமாக, என் மகள் சின்ன வயதில் கட்டிய பாவாடைத் துணியும் அதில் இருந்தது. அக்கா கேட்டாள். நான் கையை நீட்டினேன். அப்போதுதான் அவள் சொன்னாள், கையால காட்டாதிய என்று.

நான் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

“பக்கத்துல ஒரு கதவு, நாற்காலி, சைக்கிள், ஏதாச்சும் இருந்தா ஒரு மட்டுக்குச் சொல்லலாம்” என்றாள். ஒன்றுமில்லை. பிள்ளையைச் சுற்றிப் பனி மட்டும்தான். அந்த வெள்ளையில் அது ஒரு சாண் பிள்ளையாகவும் இருக்கலாம், என் தோளுக்கு வருகிற பிள்ளையாகவும் இருக்கலாம்.

“எதாவது ஒண்ணு வச்சுத் தைப்போம்க்கா. பெருசா இருந்தா இருந்துட்டுப் போகுது” என்றேன்.

அக்கா அலமாரியிலிருந்த ஒரு பழைய போர்வையை எடுத்தாள். அது எப்போதும் அங்கேதான் இருக்கும். எதிரெதிர் மூலை இரண்டும் வெளுத்து நைந்து, மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி இருக்கும். ஏன் அப்படி என்று நான் கேட்டதில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

மகனைப் பற்றி அவள் அதுவரை யாரிடமும் பேசிக் கேட்டதில்லை. இப்போதும் மகன் என்று சொல்லவில்லை, அவன் என்றுதான் சொன்னாள். அவனைப் பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்க்காத வயதில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். லீவுக்கு வந்தது ஒன்றிரண்டு தடவை. பிறகு போனிலேயே முகத்தைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று ஆகிவிட்டது. “போன்ல மொகந்தான் தெரியும். காலு தெரியாது” என்றாள். ஊட்டிப் பக்கம் ஹாஸ்டலில் சேர்த்தபோது குளிருமே என்று, தான் வேலை பார்த்த ஊரில் மெஷினை வாடகைக்குப் பிடித்து, கட்டி கட்டியாகத் தைத்து, முதல் முதலாக ஒரு போர்வை அனுப்பினாள். நல்லாருக்கும்மா என்று சொன்னான். அவன் போனபிறகு கூடத் தங்கியிருந்த பையன் அதைக் கொண்டுவந்து கொடுத்தான். நீளவாக்கில் போர்த்தினால் கால் வெளியே கிடக்கும் என்பதால் மூலைக்கு மூலை குறுக்காகப் போர்த்திக்கொண்டுதான் தூங்குவானாம். அவளிடம் சொல்லக் கூடாதென்று சிநேகிதனிடம் சொல்லியிருந்தானாம்.

நான் நைந்த மூலையைப் பார்த்தேன். அவள் அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

“பெட்டி செய்யுத கடையில இருந்து கேட்டாங்க, ஆளு எத்தனை அடின்னு. அண்ணன் என்னையப் பாத்தான். பெத்தவளத்தான கேப்பாங்க. நான் கையக் காட்டுனேன்.”

எங்கே என்று நான் கேட்கும்முன் அவளே சொன்னாள். “என் இடுப்புக்குக் காட்டுனேன். அவனை விட்டுட்டுப் போனப்ப அங்கனதான் இருந்தான். நின்னவங்க எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. அண்ணன் குத்துமதிப்பா ஒரு அளவு சொல்லி விட்டான். வந்த பெட்டி கட்டை. முழங்கால மடக்கித்தான் வச்சாங்க.” மடியிலிருந்த போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். “நான் நர்ஸு. எத்தனையோ பேரை நேரா படுக்க வச்சு மூடியிருக்கேன்.”

பிறகு எழுந்து போர்வையைப் பழைய மடிப்பிலேயே மடித்து அலமாரியில் வைத்தாள். தோளில் கிடந்த பழைய வேட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். “நான் உங்களக் கூப்பிடச் சொல்லல. இன்னைக்கும் பழகுததுன்னா பழகுங்க.”

வேட்டியை நான் வாங்கவில்லை. கேஸ் ஏஜென்சியைத் தேடி எடுத்தேன். இங்கே காலை என்றால் அங்கே ராத்திரி என்பது மணி அடிக்க ஆரம்பித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வைத்துவிடலாமா என்று நினைக்கும்போதே எடுத்துவிட்டாள். ஹலோ இல்லை.

“யாருக்கு என்ன?”

அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் வேறெதுவாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். என் நம்பர் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அது ஒன்று எனக்குப் போதுமாக இருந்தது, ஆனாலும் வாய் வரவில்லை. அக்கா என் தோளில் விரலால் ஒரு தட்டு தட்டினாள், நான் மெஷினில் நின்றுவிடும்போது தட்டுவது போல.

“யாருக்கும் ஒண்ணுமில்லட்டி. எல்லாரும் நல்லாருக்கோம். பிள்ளை எத்தனை அடி உயரம்?”

எதுக்கு என்றாள். போர்வை தைக்க என்றேன். வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். ஆனால் எங்கேயோ ஒரு இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. காலடிச் சத்தம். ஒரு கதவு பைய முனகியது. வெகுநேரம் ஒன்றுமில்லை. நான் போனைக் காதில் வைத்து அழுத்தியதில் காது சுட்டது.

திரும்பி வந்தபோது அவள் குரல் தணிந்திருந்தது. “மூணு அடி நாலு அங்குலம். தூங்கிக்கிட்டிருக்கா. படுக்கையிலேயே வச்சு அளந்தேன்.” அதற்குப் பிறகு ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அம்மா என்று ஒருதரம் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். வச்சிருதேன் என்றாள். வைத்துவிட்டாள்.

நான் அக்காவிடம் சொன்னேன். இன்னொருக்கச் சொல்லுங்க என்றாள். மூணு அடி நாலு அங்குலம் என்றேன். எனக்கு அந்த எண்ணில் ஒரு பிள்ளை தெரியவில்லை. எண்ணாகத்தான் இருந்தது. அதை என் முகத்தில் பார்த்திருப்பாள் போல.

அக்கா துணியை மெஷினில் ஏற்றப் போகவில்லை. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வாசல் நிலைப் பக்கம் போனாள். குனிந்து, ஒரு நுனியைக் கால் கட்டைவிரலால் தரையோடு அமுக்கிக்கொண்டு, நாடாவை மேலே இழுத்து, இடுப்பளவுக்கு வந்ததும் நிறுத்தி, நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி எண்ணைப் பார்த்தாள். அந்த இடத்தில் நிலையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். நாடாவை விட்டாள், அது சுருண்டு தரையில் விழுந்தது. பிறகு ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தாள். வலது கையை அந்தரத்தில் நீட்டி, உள்ளங்கையைத் தரை பார்க்க விரித்து, அந்தக் கோட்டுக்கு நேராக வைத்தாள். நான் பக்கத்தில் வந்து பார்த்து முடிக்கும்வரை அந்தக் கையை அசைக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள்.